வெள்ளிக் கை

†
பிரிக்பீல்ட்ஸ்
17.10.1993

என் உடன்பிறந்தவள் லூசிக்கு அக்கா உர்சுலா எழுதுவது.

அந்தோணியார் புண்ணியத்தில் நானும் மருமகளும் நலம். என் முழங்கால் மட்டும் தனி வழியில் போகிறது, அதை விடு. நீ அனுப்பிய வாத்து முட்டை ஒன்றுகூட உடையாமல் வந்தது. லியனார்ட் அவற்றைத் தவிட்டில் புதைத்துக் கொண்டுவந்தான். உன் மகனுக்கு மூளை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன்.

முதலில் பெருமைச் சேதி. நம் பெர்னதெத், இந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த என் பேத்தி, பெரிய ஆஸ்பத்திரியில் சதையைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்துவிட்டாள். நோயாளியின் முகத்தையே பார்க்க மாட்டாளாம். அவர்களிடமிருந்து வெட்டியெடுத்த துண்டு மட்டும் அவள் மேசைக்கு வருமாம். கோயிலில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பூரணம், "டொக்டரெண்டா ஊசி போடவேணும், இதென்ன டொக்டர்?" என்றாள். "ஊசி போடுற டாக்டருக்கு எந்த ஊசின்னு சொல்ற டாக்டர்" என்றேன்.

இனி உன் சேதி. உன் இடது அக்குளில் ஒரு கட்டி இருக்கிறது, கையைத் தூக்கிக் கொடியில் துணி போட முடியவில்லை என்று லியனார்ட் போகிற போக்கில் சொன்னான். நீ ஏன் எனக்கு எழுதவில்லை? எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போடலாம் என்றால் கணக்கெழுதும் கிராணியின் காது அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் எழுதிக் கேட்கிறேன். நீயும் எழுது. கோழியைப் பற்றி மட்டும் எழுதாதே.

எல்லோருக்கும் என் ஆசீர்.
உர்சுலா


†
கேரி தீவு
21.11.1993

அக்காவுக்கு லூசி வணக்கம் சொல்லி எழுதுகிறேன்.

நான் சுகம். கோழிகள் சுகம். வாத்துகளில் ஒன்றை உடும்பு கொண்டுபோய்விட்டது. பெர்னதெத்துக்கு என் முத்தத்தைச் சொல்லவும். சின்னப் பிள்ளையில் மண்புழுவைக் கண்டு அலறியவள் சதையை வெட்டுகிறாளா?

கட்டி ஒரு நெல்லிக்காய் அளவு. வலி கிடையாது. இங்கே மருந்து கொடுக்கும் எஸ்டேட் டிரஸ்ஸர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "சூட்டுக் கட்டியா இருக்கலாம், காசக் கட்டியா இருக்கலாம், எதுக்கும் கிள்ளான் போய்க் காட்டிடுங்கம்மா" என்றார். கிள்ளானுக்கு லியனார்டை அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்கு இல்லை, நாகையா பத்தர் கடைக்கு. அவர் ஒரு வெள்ளிக் கை செய்து கொடுத்தார். தகடுதான், ஆனால் ஐந்து விரலும் நகத்தோடு அழகாக இருக்கிறது. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும்போது பீடத்தில் வைப்பேன். கண் நோவு என்றால் வெள்ளிக் கண், கால் நோவு என்றால் வெள்ளிக் கால். அம்மா காலத்திலிருந்து நாம் செய்வதுதானே. அக்குளுக்கு எந்தப் பாகம் என்று யோசித்து, கை என்று முடிவு செய்தேன்.

வேறு விசேஷம் இல்லை. என் வெள்ளைச் சட்டைகளையெல்லாம் மருமகளிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் கறுப்பும் ஊதாவும்தான். கறை பட்டால் தெரியாது.

இப்படிக்கு
லூசி


†
பிரிக்பீல்ட்ஸ்
2.1.1994

லூசிக்கு, புது வருடத்தில் கர்த்தர் உனக்கு நல்ல புத்தியும் நல்ல சுகமும் கொடுக்க வேண்டும். புத்தியை முதலில் எழுதியதைக் கவனி.

கிறிஸ்துமசுக்கு நீ வரவில்லை. லாரி கிடைக்கவில்லை என்று லியனார்ட் சொன்னான். கேரி தீவில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி ஓடாத நாள் எது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

உன் கட்டியைப் பற்றிப் பெர்னதெத்திடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள். "பாட்டி, அமுக்கிப் பாத்துல்லாம் சொல்ல முடியாது. ஒரு துண்டு எடுத்துப் பாக்கணும். இந்த மாசமே" என்றாள். அவள் கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. உன் வீட்டுக்காரர் இருதயம் போன நாளிலிருந்து வெள்ளைச் சட்டை தவிர வேறு போடாதவள் நீ. நான் பெட்டியில் வைத்து அனுப்பிய வண்ணப் பட்டுத் துணியைக்கூட வேண்டாம் என்றவள். இப்போது என்ன கறை அது?

பதில் எழுது. முழங்கால் சரியானால் நானே வந்து நிற்பேன், நினைவில் வை.

அக்கா


†
கேரி தீவு
20.2.1994

அன்புள்ள அக்கா, தபசுகாலம் தொடங்கிவிட்டது, உன் உடம்புக்கு ஒருசந்தி நோன்பெல்லாம் வேண்டாம். நீ நன்றாயிருக்க வேண்டும்.

கிள்ளானுக்குப் போனேன். நீ ஜெயித்தாய். அக்குளில் கீறி ஒரு துண்டு எடுத்தார்கள். டாக்டர் வெளிநாட்டுக்காரர், தமிழும் தெரியாது மலாயும் தெரியாது, நல்ல மனிதர். லியனார்ட்தான் நடுவில் நின்று பேசினான். டாக்டர் ஏதோ நீளமாகக் கேட்டுத் தன் நெஞ்சில் இரண்டு பக்கமும் கை வைத்துக் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. லியனார்டுக்கும் விளங்கிவிட்டது. அவன் முகம் ரம்புத்தான் பழம் மாதிரி சிவந்துவிட்டது. கூரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, டாக்டர் கேக்கறாரு... வேற எங்கயாச்சும்... பொதுவா... ஏதாச்சும் இருக்கா?" என்றான்.

"பொதுவா ஒன்னுமில்லடா" என்றேன்.

அவன் அதை இங்கிலீஷில் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு நர்ஸ் பெண் என்னை உள்ளே கூட்டிப்போய், இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் படம் எடுத்தாள். அதில் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

முடிவு போன வாரம் வந்தது. புற்று. ஆனால் அக்குளில் பிறந்தது இல்லையாம். வேறெங்கோ பிறந்து அங்கே குடியேறியதாம். பிறந்த வீடு எது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாதாம். நுரையீரலாக இருக்கலாம், வயிறாக இருக்கலாம். அப்படியென்றால் செய்வதற்கு அதிகம் இல்லை என்று டாக்டர் சொன்னதை மட்டும் லியனார்ட் எனக்குச் சொல்லவில்லை. வேனில் திரும்பி வரும்போது அவன் அழுததில் தெரிந்துகொண்டேன்.

என்னை ஈஸ்டர் வரைக்கும் விட்டுவிடு அக்கா. கோழிகளை மருமகள் பார்த்துக்கொள்வாள். வாத்துகளை நீ எடுத்துக்கொள்கிறாயா? உன் வீட்டில் இடம் இருக்காது. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

லூசி


†
பிரிக்பீல்ட்ஸ்
13.3.1994

லூசி,

நலம் விசாரிப்பதை இந்த முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை வந்த அன்றைக்கே பெர்னதெத் கையில் கொடுத்தேன். அவள் கிள்ளானுக்குப் பேசினாள். அந்த டாக்டர் மறுக்கவில்லை. உன் துண்டை மெழுகுக் கட்டிக்குள் வைத்துப் பத்திரமாக அனுப்பிவிட்டார். எத்தனை தடவை கூப்பிட்டும் வராதவள் நீ. உன் சதை மட்டும் இங்கே கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தது.

அங்கே செய்வதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். துண்டை வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். எலுமிச்சை உப்பு மாதிரி ஒன்றைக் கரைத்த தண்ணீரில் அந்தக் கண்ணாடியை முக்கி மைக்ரோவேவ் அடுப்பில் கொதிக்க வைக்கிறார்கள். பொய்யில்லை, மருமகள் நேற்றைய கோழிக் கறியைச் சூடு பண்ணுகிற அதே அடுப்பு. அப்புறம் மருந்து விடுகிறார்கள். ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு அடையாளத்தைத் தேடிப் போகும். அந்த அடையாளம் சதையில் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது.

டோபிக் குறி நினைவிருக்கிறதா உனக்கு? குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரே ரயில்வே சட்டை. சேராங்கொட்டைச் சாற்றில் கழுத்துப்பட்டிக்கு உள்ளே வீட்டுக்கு ஒரு குறி போடுவான் டோபி. நமக்கு மூன்று புள்ளி. சட்டை எந்த வீட்டுக் கொடியில் போய்த் தொங்கினாலும் பட்டியைத் திருப்பினால் போதும், சொந்த வீடு தெரிந்துவிடும். எத்தனை வெளுத்தாலும் அது போகாது. சதைக்கும் அப்படித்தான் இருக்கிறது லூசி. ஊரைவிட்டு ஓடிப்போய் வேறு இடத்தில் ஒளிந்திருந்தாலும் பிறந்த வீட்டுக் குறியைக் கூடவே வைத்திருக்கிறது. யார் போட்ட குறி அது?

முதலில் நுரையீரலைத் தேடும் மருந்து, வயிற்றைத் தேடும் மருந்து என்று ஒவ்வொன்றாக விட்டார்களாம். ஒன்றும் வரவில்லை. பெர்னதெத்தின் பேராசிரியர் ஒரு சீன அம்மா. "பால் கொடுக்கிற இடத்துக்கான மருந்தையும் விட்டுப் பார்" என்றாராம். படம்தான் சுத்தமாக இருக்கிறதே, அங்கே என்ன இருக்கப்போகிறது என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் விட்டார்கள். பழுப்பாகிவிட்டது. ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. யாருடைய கண்ணாடியையோ மாற்றி வைத்துவிட்டேனோ என்று பெர்னதெத் அதில் எழுதிய எண்ணை மறுபடி சரிபார்த்தாளாம். புதிதாக ஒரு சீவல் எடுத்து முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் பழுப்பு.

சனிக்கிழமை என்னையும் அழைத்துப் போனாள். அந்தச் சீன அம்மா, "ஆன்ட்டி, மாரி லா, தெங்கோ", வந்து பாருங்கள் என்று மலாயில் சொல்லித் தன் நாற்காலியை எனக்கு விட்டு எழுந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பேராசிரியர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். குழாய்க்குள் கண்ணை வைத்தேன். எங்கும் நீலம். அதற்கு நடுவில் பழுப்பு உருண்டைகள், ஒன்றிரண்டு இல்லை, சப்பரத்தின் பின்னால் வரும் கூட்டம் மாதிரி. இது லூசி என்று நினைத்தேன். இத்தனை வருடமாக உன்னைப் பார்க்கிறேன், உனக்குள்ளே பார்த்தது அன்றைக்குத்தான். சிலுவை போட்டுக்கொண்டேன். அந்த அம்மா என்ன சாமி கும்பிடுகிறாரோ தெரியாது, அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த இடம்தான் என்றால் வழி இருக்கிறது. அறுவை இருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு மாத்திரை இருக்கிறது. இப்படிப் பழுப்பானாலே அந்த மாத்திரை வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டாம். பெர்னதெத் உனக்குத் தனியாக எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று எனக்குக் காட்டவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா?

உர்சுலா


கோலாலம்பூர்
14.3.1994

அன்புள்ள சின்னப் பாட்டி,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? என் தமிழில் பிழை இருக்கும். பாட்டியிடம் காட்டினால் திருத்துவார், ஆனால் இதை அவரிடம் காட்டவில்லை.

பாட்டி எல்லாம் சொல்லியிருப்பார். ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணாடி ஒன்று சொல்கிறது, எக்ஸ்ரே படம் வேறு ஒன்று சொல்கிறது. படத்தில் ஒன்றும் தெரியாதபோது எதை அறுப்பது என்று அறுவை செய்யும் டாக்டர் தயங்குகிறார். தவறாக அறுத்துவிடக்கூடாது என்று பயப்படுகிறார், அது நியாயம். மூன்றாவது சாட்சி நீங்கள் மட்டும்தான்.

அதனால் லியனார்ட் மாமா நடுவில் இல்லாமல் நானே கேட்கிறேன். உங்கள் மார்பின் காம்பிலிருந்து எப்போதாவது இரத்தமோ நீரோ கசிந்ததா? எந்தப் பக்கம்?

உங்கள் சதையைத் தினமும் பார்க்கிறேன் சின்னப் பாட்டி. அதற்கு வெட்கம் இல்லை. கேட்டதும் சொல்லிவிட்டது.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
பெர்னதெத்


†
பிரிக்பீல்ட்ஸ்
5.4.1994

லூசி,

ஈஸ்டரும் போய்விட்டது. தபால்காரன் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்காமல் போகிறான். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் "கேரி தீவுலேர்ந்து ஏதும் வந்துச்சா?" என்று கேட்கிறாள். அவள் கேட்பதற்குள் நானே தலையை ஆட்டிவிடுகிறேன்.

நீ நன்றாக இருக்கிறாயா என்று மட்டுமாவது எழுது.

அக்கா


†
கேரி தீவு
11.4.1994

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? முழங்காலுக்கு நொச்சி இலை அனுப்புகிறேன், சுடுதண்ணீரில் போட்டு ஒத்தடம் கொடு. பெட்டைக் கோழி ஒன்று அடை உட்கார்ந்திருக்கிறது. கிட்டப் போனால் கொத்துகிறது. மழை இல்லை, தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டது.

பெர்னதெத்திடம் சொல்: ஆமாம். இடப்பக்கம். போன வருஷம் அன்னம்மாள் திருவிழாவுக்கு முன்பிருந்தே. அன்னம்மாளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

வாத்து முட்டை இந்தத் தடவை குறைவு.

லூசி


†
பிரிக்பீல்ட்ஸ்
14.4.1994

என் தங்கமே,

உன் கடிதத்தைப் பெர்னதெத் வாசித்தாள். கோழி, நொச்சி, தண்ணீர்த் தொட்டி என்று சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். நான் வாங்கிப் பார்த்தேன்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. எனக்கு வேறொன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டும் சொல்லவில்லை, டாக்டர் கேட்டும் சொல்லவில்லை. அந்தச் சின்னத் துண்டு, வெங்காயத் தோல் அளவு கூட இல்லாதது, உனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டது. இப்போது நீ சொன்னதும் அது சொன்னதும் ஒன்றாக இருக்கிறது. பெர்னதெத் போனில் அந்தச் சீன அம்மாவிடம் சொன்னாள். அவர் அதை ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டாராம். பிறகு, "உன் சின்னப் பாட்டிக்கு நன்றி சொல்" என்றாராம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வேன் வரும். ஊதாச் சட்டையோ கறுப்புச் சட்டையோ, எதைப் போட்டிருக்கிறாயோ அதோடு ஏறு. அறுவை இங்கே கோலாலம்பூரில். நீ என் கட்டிலில் படுக்கலாம், நான் குறட்டை விட மாட்டேன் என்று சொல்ல முடியாது. வாத்துகளைக் கொண்டுவராதே.

உர்சுலா


†
கேரி தீவு
12.6.1994

அன்பு அக்காவுக்கு,

நான் வீட்டில் கால் வைத்ததும் பெட்டைக் கோழி குஞ்சுகளோடு வந்து எட்டிப் பார்த்தது. நீயும் மருமகளும் சுகமா? உன் கட்டிலை மூன்று வாரம் பிடித்துக்கொண்டேன். நீ குறட்டை விட்டது உண்மை.

மாத்திரையைத் தினமும் போடுகிறேன். கை இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை. நர்ஸ் சொன்னபடி சுவரில் விரலால் படி ஏறுகிறேன். நேற்று ஜன்னலின் மேல்கட்டையைத் தொட்டுவிட்டேன். மருமகள் இடப்பக்கத்துக்குத் துணிப்பை தைத்து உள்ளே பச்சைப்பயறு நிரப்பிக் கொடுத்தாள், கனம் சரியாக இருக்கிறது. தீனி போடக் குனிந்தால் சேவல் என் நெஞ்சையே பார்க்கிறது. அதற்கு எப்படித் தெரிந்ததோ.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் பெர்னதெத் என் காதில் சொன்னதை உன்னிடமும் சொல்லியிருப்பாள். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. எடுத்த சதையை ரொட்டி போலச் சீவிச் சீவித் தேடியிருக்கிறார்கள். முதலில் ஒன்றும் கிடைக்கவில்லையாம். பிறகு, காம்புக்குப் பின்னால், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. படத்தில் விழாதது, கையில் படாதது. அதற்கும் அந்த மருந்தை விட்டார்கள். அதே பழுப்பு. அக்குளில் இருந்ததன் பிறந்த வீடு அதுதான்.

கடுகளவு, அக்கா. என் உயிரையே எடுக்க வந்தது கடுகளவு. அதைக் காட்டிக்கொடுத்தது அதைவிடச் சிறியது. இதை யாரிடம் சொல்லி வியப்பது? மருமகளிடம் சொன்னேன், "சாப்பிடுங்க அத்த, ஆறிடும்" என்றாள்.

பேத்தி முகத்தில் முத்தம் கொடு.

லூசி


†
பிரிக்பீல்ட்ஸ்
3.7.1994

லூசிக்கு அக்காவின் ஆசீர். ஜன்னலைத் தாண்டிவிட்டாயா, கூரைக்குப் போய்விட்டாயா?

புக்கிட் மெர்தாஜாமுக்குக் கோயில் பஸ்ஸில் நமக்கு இரண்டு இடம் எழுதிவிட்டேன். பாதிரியாரிடம் உன் காணிக்கையைப் பற்றியும் பேசினேன். உன் வெள்ளிக் கை இனி சரிவராது. கைக்கு ஒன்றுமில்லையே. நோய் இருந்தது வேறு இடம். குணமான பாகத்தைத்தானே வைக்க வேண்டும். பாதிரியார் சிரித்துக்கொண்டு, "அன்னம்மாள் புரிஞ்சுக்குவாங்க, பாட்டி" என்றார். நான் விடவில்லை. வழக்கம் என்றால் வழக்கம்.

உன்னால் முடியாதே என்று நானே இங்கே கடைக்குப் போனேன். நான் கோயில் மாதர் சங்கத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவள், உனக்குத் தெரியும். கடைக்காரர் விஜயன் சின்ன வயது. "வாங்க ஆன்ட்டி, என்ன வேணும்?" என்றான்.

"காணிக்கை" என்றேன்.

"எந்தப் பாகம் ஆன்ட்டி?"

நான் கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். "கண்ணு" என்றேன்.

"ஜோடியா?"

"ஆமா."

இப்போது அலமாரியில் இரண்டு வெள்ளிக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. பெர்னதெத் அவற்றைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் நீர் வருகிற வரைக்கும். லியனார்டை அனுப்பலாம் என்று நினைத்தேன். அவன் பொதுவாக ஒரு பாகம் வாங்கி வருவான்.

என்ன செய்யலாம், சொல்.

உர்சுலா


†
கேரி தீவு
14.7.1994

அக்காவுக்குத் தங்கச்சி லூசி வணக்கம்.

நான் சுகம். இந்தத் தடவை கோழிகளைப் பற்றி ஒன்றும் இல்லை.

நேற்று நானே கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். லியனார்ட் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். நாகையா பத்தர் கடையில் தாலி பார்க்க வந்த ஒரு குடும்பமும், வளையலுக்குத் திருகு போட வந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். நான் வெள்ளிக் கையை மேசையில் வைத்தேன்.

"ஐயா, இதை மாத்தணும்."

"ஏன்மா, அளவு சரியில்லையா?"

"பாகம் சரியில்ல."

"அப்ப என்ன பாகம்?"

பெர்னதெத் கடிதத்தில் எழுதியிருந்த சொல்லை நினைத்துக்கொண்டேன். "மார்பு" என்றேன்.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஆ?" என்று காதைத் திருப்பினார். நான் எழுந்து நின்று, கோயிலில் பிரார்த்தனை வாசிக்கிற சத்தத்தில், "மார்பு. ஆப்பரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. பிழைச்சுட்டேன்" என்றேன். தாலி பார்த்த அம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

பத்தர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இடதா, வலதா?" என்றார்.

"தகட்டுல என்னய்யா இடது வலது?"

"இல்லதான். கேட்டு வைக்கிறேன்" என்றார்.

"இடது."

அவர் வெள்ளிக் கையை உருக்குகிற மண்குகையில் போட்டு ஊதினார். நகம் போயிற்று, விரல் போயிற்று, பிறகு கையே போயிற்று. ஒரு துளி மட்டும் தளதளவென்று நின்றது. அது கையாக இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. வெள்ளி மறந்துவிடுகிறது, அக்கா. சதைதான் மறப்பதில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். தட்டி, வெட்டி, சின்னதாக, வட்டமாக என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.

கடைக்கு வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம். வளையலுக்குத் திருகு போட வந்த பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்து ஊர் மேருவில் ஏதோ பேக்டரியில் வேலையாம். பேர் குணபூசணி. கூட நடந்தாள். பஸ் வருவது தெரிந்ததும் மெதுவாக, "அக்கா, நீங்க யார்கிட்ட போய்க் காட்டினீங்க?" என்றாள்.

நான் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை அவளோடு நான் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். டாக்டர் இங்கிலீஷில் கேட்டால் பெர்னதெத் நடுவில் நின்று அப்படியே தமிழில் கேட்க வேண்டும், ஒரு சொல்லையும் விழுங்கக்கூடாது என்று சொல்லிவை. கோயில் பஸ்ஸில் என் பக்கத்தில் இன்னொரு இடமும் எழுது. அவள் நம் வேதம் இல்லை, அன்னம்மாள் அதைக் கேட்க மாட்டாள். உன் இரண்டு கண்களையும் மறக்காமல் கொண்டுவா, வைத்துவிடலாம்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். நேற்று நல்ல வெயில், ரோட்டில் எல்லோரும் வெளிர் நிறத்தில்தான் போட்டிருந்தார்கள். அவள் கறுப்புச் சட்டை போட்டிருந்தாள்.

உன் தங்கச்சி
லூசி